இசக்கியின் இடப்பக்கம்

கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்துச் சாயாக்கடை டிவியில் பழைய ஆஸ்திரேலிய கிரிக்கெட்டைப் பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து முதன்முதலில் இங்கிலாந்துக்கு ஆடப் போனவர்கள் ஆட்டுப்பண்ணைகளில் வேலை பார்த்த பழங்குடி ஆட்களாம். அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்று வெள்ளைக்காரர்கள் பட்டப்பெயர்தான் வைத்தார்களாம். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்காக பூமராங் வேறு வீசிக் காட்ட வேண்டும். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

வரிசையாக நின்ற அந்த ஆட்களின் படத்தைப் பார்த்ததும் என் மூக்கில் ஏறியது தேங்காய் நார் வாசனை. சிரிக்காதீர்கள். நான் அப்போது ஆரியசாலையில் செல்லையா அண்ணாச்சியின் தேங்காய் மண்டியில் பில் எழுதுகிறவன். லாரியிலிருந்து குடோன்வரை ஆட்கள் வரிசையாக நின்று தேங்காயைக் கைமாற்றுவார்கள். வலப்பக்கமிருந்து வருவதைப் பிடித்து இடப்பக்கம் போட வேண்டும்; திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. அந்த வரிசைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டீம். அதில் ராஜா என்றால் இசக்கிதான், வள்ளியூர்ப் பக்கத்து ஆள். அவன் கைக்கு வந்தது எதுவும் தவறியதில்லை.

வினையும் அங்கேதான் வந்தது. ஒரு ஆபீஸ் டீமோடு ஆடினோம். அவர்கள் கேப்டன் அடித்த பந்தை இசக்கி ஓடிப்போய் அழகாகப் பிடித்தான். பிடித்த வேகத்தில் இடப்பக்கம் போட்டான். அங்கே புல்தான் இருந்தது.

"கையில நின்னில்லல்லோ, அவுட்டில்லா," என்றார் மலையாளி அம்பயர். தோற்றோம். அவன் பேட் செய்தபோது ஸ்கோர் எழுதியவர் பெயரைக்கூடக் கேட்காமல் 'கோக்கனட்' என்று எழுதியிருந்தார். எனக்கு அது இன்றும் எரிகிறது.

அடுத்த ஞாயிறு இன்னொரு ஆட்டம், அதிலும் தோற்றால் இந்த மைதானத்துப் பக்கமே வரக் கூடாது என்றார்கள் ஆபீஸ்காரர்கள். எங்களுக்கோ வேறு மைதானம் கிடையாது. இசக்கியே வந்து, "பழகின கை அண்ணாச்சி, சொன்னா கேக்க மாட்டேங்கு. நான் வரல," என்றான்.

"லேய், கைய எதுக்கு மாத்தணும்? ஒனக்கு எடப்பக்கம் ஒரு ஆள நிப்பாட்டுனா போச்சு," என்றார் அண்ணாச்சி. பேட்டிங்கும் பௌலிங்கும் வராத ஒருவனைத் தேடினார். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

மைதானத்தில் நானும் இசக்கியும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி ஒட்டி நின்றோம். ஆபீஸ்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. கடைசி விக்கெட், இரண்டு ரன் எடுத்தால் அவர்கள் ஜெயிப்பார்கள். கேப்டன் தூக்கி அடித்தார். இசக்கி ஓடினான். அவனுக்கு இடப்பக்கம் நானும் மூச்சிரைக்க ஓடினேன். பிடித்தான். போட்டான். நெஞ்சில் வந்து மோதியதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

அம்பயர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இது அவுட்டு தன்னே," என்று விரலைத் தூக்கினார்.

அண்ணாச்சி நேரே ஸ்கோர் மேசைக்குப் போனார். "இசக்கின்னு எழுதும்," என்றார். எழுதும்வரை நகரவில்லை. ஆரியசாலைவரை லாரியில் நின்றபடி கத்திக்கொண்டே வந்தோம். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை, வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அந்த மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தேங்காய் சாக்கில் வருகிறது, வரிசை இல்லை. அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். ஊருக்குப் போன இசக்கி திரும்பவில்லை.

டிவியில் விளம்பரம் வந்தது. கடைக்காரர் எதிரே இருந்து நான் கேட்டிருந்த பன் பாக்கெட்டை என்னிடம் தூக்கிப் போட்டார். அது கீழே விழுந்தது. என் இரண்டு கையும் வலப்பக்கம் நீண்டிருந்தன.