விபத்து குறைந்ததா?

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் கட்டுரைப் பகுதிதான் என்னை இரண்டு முறை கவிழ்த்தது. மூன்றாம் முறைக்காக நெய்வேலி நகரியத்து நூலகத்தில் தினமும் எழுதிப் பழகினேன். எதிரே ஒருவர் வந்து உட்காருவார். என் வயதுதான் இருக்கும். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் பஸ் வரும்வரை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் பேப்பர் படிப்பார். வலது கையில் சுண்டுவிரல் இல்லை.

ஒருநாள், "எழுதி எழுதி அடிச்சிக்கினே இருக்கீங்களே, என்னங்க அது?" என்றார்.

"ஒரு ஆலையில புது விளக்கு போட்டாங்களாம். அப்புறம் விபத்துப் பதிவு பாதியாயிடுச்சாம். அதனால எல்லா ஆலையிலயும் அதையே போடணும்னு ஒருத்தர் சொல்றார். அந்த வாதத்துல என்ன ஓட்டைன்னு எழுதணும்," என்றேன்.

"விபத்து குறைஞ்சுதா, பதியறது குறைஞ்சுதாங்க?" என்றவர், தன் கையைக் காட்டினார். "முன்னாடி வேற ஊர்ல ஒரு மில்லுல இருந்தேன். இது எந்தப் பதிவுலயும் ஏறல."

அன்றுதான் அந்தக் கட்டுரை எனக்குப் பிடிபட்டது. அந்த முறை தேறினேன்.

இனிப்போடு போய் நன்றி சொன்னேன். "அந்த ஆலையில அப்புறம் என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். அப்படி ஒரு ஆலையே இல்லை, தேர்வுக்காக எழுதிய கற்பனை என்றேன்.

"அப்ப யாருக்கும் அடிபடலைங்க," என்று நிம்மதியாகச் சிரித்தார். இத்தனை நாளும் அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.