அப்பா எழும்பி நின்ற பந்து

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டின் மேல்மாடியில் எனக்கென்று இருந்த அறையை அப்பா ஒரு பாகிஸ்தான்காரருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலும் அவருக்கே போனது. வந்தவர் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைய வேண்டிய உயரம். என் கட்டிலில் அவர் கால் எப்படியும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று நினைத்து நான் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் ஒரு காலத்தில் தன் நாட்டு அணிக்கு விளையாடியவர். இடதுகை வேகப்பந்து வீச்சாளர். இளம் வயதிலேயே அணிக்குள் வந்து, முதல் தொடரிலேயே பெயரெடுத்து, அடுத்த வருடமே முதுகெலும்பில் வெடிப்பு விழுந்து வெளியே போனவர். முதுகு தேறித் திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். அதன்பிறகு கோடைகாலங்களில் லண்டனுக்கு வந்து, எங்கள் பகுதிக் கழகம் ஒன்றுக்காகச் சனிக்கிழமைகளில் பந்து வீசினார். கழகம் அவருக்கு அறை தேடுகிறது என்ற செய்தி, அந்த வழியாக பஸ் ஓட்டும் அப்பாவின் காதில் விழுந்தது. அப்பா அன்றைய ஷிப்ட் முடிந்ததும் யூனிபோர்மைக்கூட மாற்றாமல் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அப்பா அவரைப் 'பாய்' என்று கூப்பிட்டார். அவரும் அப்பாவைப் 'பாய்' என்றே கூப்பிட்டார். ஒரு வீட்டில் இரண்டு பாய்கள். அவர்களுடைய பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இருவருடைய ஆங்கிலமும் எனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தப்பாமல் விளங்கியது. அம்மா முதலில் அவருக்கென்று தனிச் சட்டியில் ஹலால் கோழி சமைத்தார். இரண்டு சமையல் அலுத்துப்போக, ஒரு மாதத்துக்குள் முழு வீடும் ஹலாலுக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்து நாங்கள் சாப்பிட்டதும் அந்தக் கோழிதான்.

அவர் தன் நாட்டு அணிக்குள் மறுபடி போகவேண்டுமென்று அம்மா கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

"அந்தோனியார் துலைஞ்ச சாமான் தேடித் தாறவர். கிரிக்கெட் அவரின்ரை இலாகா இல்லை," என்றார் அப்பா.

"இடம் துலைஞ்சதும் துலைஞ்சதுதானே," என்றார் அம்மா.

அப்பாவுக்கு அந்த மனிதரின் முழு ஆட்டச் சரித்திரமும் தெரிந்திருந்தது. எந்த ஊரில், யாரை, எப்படிப்பட்ட பந்தில் வீழ்த்தினார் என்று அவருக்கே சொல்லிக் காட்டுவார். பின்வளவில் அவர் வேலியைப் பார்த்துப் பந்து போட, அப்பா கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பார். ஆனால் பேச்சு இலங்கை அணியின் பக்கம் திரும்பினால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். தொலைக்காட்சியில் அந்த அணி வந்தால் நிறுத்திவிடுவார். "அந்தக் கொடி என்ரை வீட்டுக்குள்ளை வரக்கூடாது," என்பார். பாய் ஒருநாள் காரணம் கேட்டதற்கு, "அது பெரிய கதை," என்று மட்டும் சொன்னார். அவரும் பிறகு கேட்கவில்லை.

அந்தக் கோடையில் அவருடைய நாட்டு அணி ஒரு போட்டித்தொடருக்காக இங்கிலாந்துக்கு வந்திருந்தது. ஒரு பின்னேரம் அவர் படிகளில் இறங்கி வந்து, கையில் போனைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார். போனை எங்களிடம் நீட்டுகிறார், பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிறார். ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அம்மா அடுப்பை நிறுத்தினார். உண்மையில் இரண்டு பந்து வீச்சாளர்கள் காயப்பட்டிருந்தார்கள். இங்கேயே இருப்பவர், நன்றாகவும் வீசுகிறார் என்று இவரை வரச் சொல்லியிருந்தார்கள். செய்தி விளங்கியதும் அம்மா சிலுவை அடையாளம் போட்டார். அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, விடாமல் ஆட்டிக்கொண்டே நின்றார்.

"எப்ப மட்ச்?"

நாளைச் சொன்னார்.

"ஆரோடை?"

அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஸ்ரீலங்கா."

எங்களுக்கென்று மூன்று டிக்கெட் தந்துவிட்டுப் போனார். அவை குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தன. அப்பா அவற்றைத் தொடவில்லை.

"நாங்கள் போகாட்டி அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?" என்று அம்மா கேட்டார்.

"போறன். பாயைப் பாக்கப் போறன். மற்ற ஆக்களைப் பாக்க இல்லை."

ஓவல் நிலையத்தில் இறங்கி மைதானத்துக்கு நடந்தால், வாசலுக்கு எதிரே எங்கள் தமிழ் ஆட்கள் பதாகைகளோடு நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இலங்கை அணி விளையாட வரக்கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கை. எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் மாமாவும் முன்வரிசையில் நின்றார். அப்பாவைக் கண்டதும் அவருடைய குரல் நின்றுவிட்டது.

"நீங்களுமோ?" என்றார்.

"எங்கடை வீட்டுப் பொடியன் பாகிஸ்தானுக்கு விளையாடுறான்," என்றார் அப்பா.

மாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு பதாகையைச் சரித்து எங்களுக்கு வழி விட்டார். "அப்ப நல்லாப் போடச் சொல்லுங்கோ."

எங்களுக்குக் கிடைத்த இடம் பாகிஸ்தான் வீரர்களின் உறவினர் இருக்கும் பகுதி. எங்கே பார்த்தாலும் பச்சை. பின்னால் இருந்த பெண் ஒருவர் என் கன்னத்திலும் பச்சைக் கோடு இழுத்துவிட்டார். எங்கள் பாய் ஓடி வந்து போட்ட முதல் பந்தைப் பார்த்தபோது எனக்கு அவரைத் தெரியவே இல்லை. எங்கள் வீட்டில் கதவுகளுக்குக் குனிந்து குனிந்து நடந்த மனிதர் அங்கே நிமிர்ந்து முழு உயரத்துக்கு நின்றார். தொடக்கத்திலேயே இரண்டு பேரை வீழ்த்தினார். பெயரைச் சொல்லி முழுப் பகுதியும் கத்தியது. அப்பாவும் கத்தினார். இவர் எங்கள் வீட்டில் இருப்பவர் என்று நான் கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோருக்கும் சொன்னேன்.

கடைசி ஓவரை அவரிடம்தான் கொடுத்தார்கள். இலங்கைக்குக் கொஞ்ச ஓட்டம்தான் வேண்டியிருந்தது. விக்கெட்டும் கையில் ஒன்றுதான். நின்றவன் ஒல்லியான ஒரு பொடியன், எனக்கே அண்ணன்போல இருந்தான். இரண்டு பந்துகளை அவனால் தொடமுடியவில்லை. ஒருதரம் பந்து தோளில் இடிபட்டுத் தடுமாறினான். பாகிஸ்தான் அணியில் இனி எங்கள் பாய்க்கு நிரந்தர இடம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பந்தை அவர் போட்டார். பொடியன் ஒரு அடி முன்னால் வந்து, மட்டையை நேராக வீசினான். பந்து அவருடைய தலைக்கு மேலாக எழும்பி, எழும்பிக்கொண்டே போய், தூரத்து ஆட்களுக்குள் விழுந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது.

எங்கள் பகுதியில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் தலையில் கை வைத்தபடி இருந்தார்கள். அப்பா மட்டும் எழும்பி நின்றார். இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு இளம் குரலில் கத்தினார்.

"அண்ணை! பாத்தியே அண்ணை!"

நான் சுற்றிப் பார்த்தேன். அப்பா அண்ணை என்று கூப்பிட அங்கே தமிழர் ஒருவரும் இல்லை. அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்து இருத்தினார். மைதானத்தில் பாய் முழங்காலில் குந்தியிருந்தார். அவருடைய முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் வீட்டுக்கு வரவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அடுத்த போட்டியில் அவர் இல்லை. அவருடைய நாட்டு அணிக்காக அவர் பிறகு ஒரு பந்துகூட வீசவில்லை. சாமான்களை எடுக்க அவர் வந்த நாளில் அப்பா வேலைக்கு லீவு போட்டு நின்றார். தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

"நான் எழும்பியிருக்கக்கூடாது, பாய்," என்றார்.

"கண்டேன். பச்சைக்கு நடுவில் நீங்கள் ஒருவர்தான் நின்றீர்கள்."

அவர் கோபத்தில் கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

"குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து எங்கள் ஊர் மைதானத்துக்கு வெளிநாட்டு அணிகள் வராமல் எவ்வளவோ காலமாகிவிட்டது," என்றார் பிறகு. "அங்கே ஒருவன் என்னுடைய பந்தை அப்படி அடித்தால், நானே கைதட்டுவேன், பாய்."

அப்பா எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். அவருடைய பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன்வரை கூடவே போனார். என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் பல நாட்களுக்கு அவர் முதுகுக்குப் பூசும் தைலத்தின் வாசம் நின்றது. இப்போதும் நோன்புப் பெருநாளுக்கு அப்பா அவருக்கு போன் எடுப்பார்; எங்கள் நத்தாருக்கு அவர் அப்பாவுக்கு எடுப்பார். அந்தப் போட்டியைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் பல்கலைக்கழகம் போன வருடம்தான் அம்மா எனக்குச் சொன்னார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கரண்ட் எடுப்பார்கள். இலங்கை விளையாடும் நாட்களில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, சுற்றுவார். அப்பா காதை வைத்துக் கேட்டு, யார் அடித்தது என்று கத்திச் சொல்வார். சுற்றுகிற சத்தத்தில் பெரியப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. சந்தைக்குப் போன ஒருநாள் பெரியப்பாவை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

எனக்கு இன்னும் அழியாமல் நிற்பது, போட்டி முடிந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய ரயில். ஏறும்போது பெட்டி நிறைந்திருந்தது. ஸ்டொக்வெல்லில் ஆட்கள் இறங்க, அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அப்பாவுக்கு மற்றப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவர் அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். பாலம் என்ற நிலையத்தில் ஏறிய ஒருவர் அதைக் காட்டிக் கேட்டபோது, அப்பா தலையை மட்டும் அசைத்தார், கையை எடுக்கவில்லை. எனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கன்னத்தில் பச்சைக் கோட்டோடு, அப்பாமேல் இருந்த கோபத்தில், போய் இருக்கவே மாட்டேன் என்று, மோர்டன் வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.