அமாவாசைக்கு வராதவர்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காலையில் பல் துலக்கும் முன்பே கைபேசியில் என் பெயரைத் தட்டிப் பார்க்கிற ஆள் நான். மருந்தியல் ஆய்வில் எங்களுக்கு மரியாதை இரண்டு எண்களில்தான் இருக்கிறது. எத்தனை கட்டுரை எழுதினோம், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள். என் மற்றக் கட்டுரைகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் சக்கைப்போடு போட்டது. அதன் எண் கூடியிருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் என் கையால் நெய் தோசை. கூடவில்லையா, ஸ்கூட்டர் சாவி காணாமல் போனதற்குக்கூடக் கணவருக்குத் திட்டு விழும்.

அது காஞ்சிபுரம் நெசவாளர்களைப் பற்றிய கட்டுரை. நாள் முழுக்கத் தறியில் குனிந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர்களுக்கு ஒரு வலி மாத்திரையை ஆறு மாதம் தினமும் கொடுத்தோம். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தறியை விட்டு யார் வருவார்கள்? நான் உள்ளூர்க்காரி, எனக்குத் தெரியாதா? அமாவாசை அன்று இங்கே தறி ஓடாது, நெசவாளர்களுக்கு அன்றுதான் விடுமுறை. பரிசோதனையை அமாவாசைக்கு வைத்தேன். கூட்டம் வந்தது. துறையில் எல்லோரும் என் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போகப்போகச் சிலர் வராமல் நின்றார்கள். கூட வேலை பார்த்த இளைய டாக்டர், "மேடம், வீட்டுக்குப் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள்.

"அமாவாசைமா. படையல், கோயில்னு ஆயிரம் இருக்கும் அவங்களுக்கு. விடு" என்றேன்.

'சொந்தக் காரணங்களால் வரவில்லை' என்று எழுதி, அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மீதிப் பேரின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மாத்திரை பாதுகாப்பானது என்று முடித்தேன்.

போன வருடம் அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்க்க, நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போனேன். பேராசிரியர் பதவி உயர்வுக்கு என் கோப்பு அப்போதுதான் மேலே போயிருந்தது. அந்தக் கட்டுரைதான் அதில் முதல் தாள். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாளுக்கு என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஐயோ, டாக்டரம்மா! உள்ள வாங்கம்மா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். எங்கள் ஆய்வில் இருந்து பாதியில் நின்றவர்களில் ஒருவர். இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ்.

"அப்ப சொல்லாம கொள்ளாம நின்னுட்டாருன்னு கோவமாம்மா?" என்று அவள் கேட்டாள். "காலு ரெண்டும் வீங்கிப் போச்சு, செருப்பே நுழையல. எப்படி வருவாரு? ஆனா மாத்திரைய விடலம்மா. பெரிய டாக்டரு குடுத்ததாச்சேன்னு கடையில வாங்கித் தின்னுக்கினே இருந்தாரு."

சர்க்கரை இருந்திருக்கும், ரத்தக் கொதிப்பு இருந்திருக்கும் என்று மனசு எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. சீ! கால் வீங்குகிறது என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தியிருப்பேன். அதைக் கேட்க நான் ஆள் அனுப்பவில்லை, தானே போகிறேன் என்றவளையும் தடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்தான் அந்தத் தெரு.

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க எங்க ஆளுங்களப் பத்தி எழுதுனத வெளிநாட்டுலகூட படிக்கிறாங்களாமே. இவருக்கு இப்படி ஆனதும் அதுல இருக்குதாம்மா?"

"இருக்குதும்மா" என்றேன். பச்சைப் பொய். வாய் கூசாமல் வந்தது.

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியாய்யா? இனிமே வேற யாருக்காச்சும் குடுக்கறப்ப டாக்டருங்க பாத்துத்தான் குடுப்பாங்க."

அவர் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். ஆனால் அனுப்பவில்லை. பதவி உயர்வு நேர்காணல் முடியட்டும் என்றேன். முடிந்ததும், ஆணை கைக்கு வரட்டும் என்றேன். இப்படியே நான்கு மாதம். அந்த மாதங்களிலும் முன்பின் தெரியாத டாக்டர்கள் அந்தக் கட்டுரையை நம்பி மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள், அதை நம்பி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

ஆணை வந்த அன்று மதியம்தான் கடிதத்தை அனுப்பினேன். பக்கத்து அறையில் எனக்காகக் கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தார்கள். போனேன், வெட்டினேன், எல்லோரும் ஊட்டிவிட வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.