அகோகோவுக்குக் குனிந்த தலை

எனக்கு பஸ் பிடிக்கும் அவசரம். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரக் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு சாம்பா நடன ஊர்வலம் வருகிறது. டிரம் சத்தத்துக்கு மேலே, இரண்டு கூம்புகளை இணைத்த அகோகோ என்ற பிரேசில் மணி இரண்டு குரலில் ஒலிக்கிறது. எனக்கு வழிகாட்ட வந்த மன்னார்க்காரி பிலோமினா அக்கா சட்டென்று நின்று சிலுவை அடையாளம் போடுகிறார்.

"என்னக்கா, இதுக்குப் போயா?"

வெட்கத்தோடு சிரிக்கிறார். "நாங்கள் அகதியா வந்த புதுசில பள்ளிக்கூட ஹோல்லதான் பூசை, தங்கச்சி. மணி இல்லை. எங்களோட டெனிஷ் படிச்ச பிரேசில்காரி ஒருத்தி இப்பிடி ஒண்டைத் தந்தவ. சுவாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தேக்க என்ரை மனுசன் அதைத்தான் அடிப்பார். இப்ப கோயில்ல நல்ல மணி இருக்கு. ஆனா அந்தக் குளிர் ஹோலும், வாசல்ல ஈரச் சப்பாத்துகளும், எல்லாரும் ஒண்டா முழங்காலில நிண்டதும் இதைக் கேட்டாத்தான் ஞாபகம் வருது."

ஊர்வலம் எங்களை நெருங்குகிறது. மணி மறுபடி ஒலிக்க, கைதட்டி ஆடும் கூட்டத்தின் நடுவே அக்கா தலை குனிகிறார். மணி அடிக்கும் டேனிஷ் பெண் அந்த வணக்கம் தனக்கென்று நினைத்துக்கொள்கிறாள். இறகுக் கிரீடம் நெற்றியில் சரிய, அவளும் பதிலுக்குக் குனிகிறாள்.