என் காலுக்குப் பதிலாக ஒரு பெட்டி

பலாங்கொடையில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து மரக்கறிக் கடை வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து போயிருக்கிறேன். பின்னால் ஓடிவந்த ஒரு சிங்களப் பெண்மணி, "மஹத்தயா, செரெப்புவ" என்று என் வலதுகால் செருப்பை நீட்டினார். வேண்டுமென்றே கழற்றி விட்டவனைப்போல ஒரு சிரிப்புச் சிரித்து வாங்கிக்கொண்டேன். நல்ல வெயில். தார் இளகிக் கிடந்தது. வெறுங்காலுக்கு அது சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் டொக்டர் என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலோன் இழையால் பாதத்தைத் தொடுவாராம். தொடும்போதெல்லாம் நான் சொல்ல வேண்டுமாம். ஆயுள் முழுக்க வாத்தியார் வேலை பார்த்தவன், பரீட்சை என்றால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளத் தெரியும். கண்ணை மூடிக் காத்திருந்தேன். இடதுகாலில் நாலைந்து தடவை சொன்னேன். பிறகு ஒன்றையும் காணோம். "வலது காலுக்கு எப்ப டொக்டர் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு," என்றார்.

பதினைந்து வருடமாக வாடகை கொடுக்காமல் என் உடம்பில் குடியிருக்கும் சீனி வியாதி, இப்போது கீழ்மாடியில் விளக்கை அணைத்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். வாகனம் ஓட்டுவீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். இனி ஓட்டாமல் இருப்பது நல்லது என்று அவர் எழுதித் தந்த துண்டை, வீட்டில் யாரும் திறக்காத ஒரு தடித்த இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தேன். "பிரஷர் கொஞ்சம் கூடவாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

ஏன் மறைத்தேன் என்று சொல்வதற்கு வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பலபேர் ஓட்டித் தீர்த்த பழைய டீசல் வேன். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு நானும் ஒரு தச்சு வேலை பாஸுமாகச் சேர்ந்து பலகைக் கட்டில், ஒற்றை காஸ் அடுப்பு, தண்ணீர்க் கேனுக்கு ஒரு மூலை என்று அதை ஓடும் வீடாக்கினோம். திரைச்சீலை தைத்தது மனைவி. அவள் முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காமராவில் இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, தொட்டிலாட்டி, மூக்குத் துடைத்துவிட்டு, இரத்தினபுரிக்கு அப்பால் எதையும் பார்க்காமல் ஓய்வு பெற்றாள். வாசலில் கிடக்கும் சின்னச் செருப்புகளைப் பார்த்தே உள்ளே எந்தெந்தப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லக்கூடியவள். ஓய்வு பெற்ற அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "மாசத்துக்கு ஒருநாளாவது வேற எடத்துல கண்ணு முழிக்கணும்."

அதற்காகத்தான் வேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது. பழகச் சொல்லும்போதெல்லாம் "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்பாள். ஆக, என் வலதுகால் போனால் வேன் போகும். வேன் போனால் அவள் மறுபடியும் ஒரே சுவரைப் பார்த்துக் கண் விழிப்பாள். காலைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டினால் அவளே போய்விடலாம். இந்த இரண்டாவது கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. படித்தவன் அல்லவா, பிடிக்காத பக்கங்களைத் தள்ளிவிட்டு வாசிக்கப் பழகியிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் குரூஸ் கண்ட்ரோல் பற்றி வாசித்தேன். புதிய வாகனங்களில் கூடவே வரும் வசதி அது. ஒரு வேகத்தில் பொத்தானை அழுத்திவிட்டால் அக்ஸிலரேட்டரை வாகனமே பார்த்துக்கொள்ளும். பழைய வாகனங்களுக்குப் பூட்ட தனிப் பெட்டியாகவும் வருகிறதாம். காலுக்கு வேலையில்லை என்ற வரியை மூன்று தரம் வாசித்தேன். மதுவிலக்கு நோட்டீஸைக் குடிகாரன் வாசிப்பதுபோல அல்ல, திருமண விளம்பரத்தை முதிர்கன்னன் வாசிப்பதுபோல.

பெட்டி தபாலில் வந்தது. கராஜ்காரர் என்னைவிட மூத்தவர், பலாங்கொடை முஸ்லிம் மனிதர், நான் நானா என்று கூப்பிடுவேன். பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு என்னையும் ஒருதரம் திறந்து பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு சேர் நம்மட ரோட்டுக்கு? ஒரு முடக்குக்கும் அடுத்த முடக்குக்கும் நடுவுல பொத்தான அமத்தவே நேரம் காணாதே."

"எம்பிலிப்பிட்டிய பக்கம் நேர் ரோடு இருக்கே நானா."

"அந்த நேர் ரோட்டுக்குப் போக இந்த வளஞ்ச ரோட்டாலதானே போகணும்."

"நீங்க பூட்டுங்க நானா. நான் யோசிச்சுட்டேன்."

"சேர்மார் யோசிச்சா எனக்குப் பயம்," என்றார். ஆனாலும் மூன்று நாள் வேலை செய்தார். எங்கள் வேனில் என்ஜின் முன் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கினால் எல்லாம் தெரியும். அக்ஸிலரேட்டர் கேபிளோடு பெட்டியின் கேபிளைச் சேர்த்தார். ஓடும் வேகத்தை அளப்பதற்கு அடியில் ஒரு காந்தத்தை ஒட்டினார். பிரேக் லைட்டுக்குப் போகும் வயரிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துப் பெட்டிக்குக் கொண்டுவந்தார். அதைப் பூட்டும்போது மட்டும் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"இதுதான் உசிரு. பிரேக்க லேசாத் தொட்டாலே போதும், எல்லாம் கட்டாகிடும். தொடணும். அவ்வளவுதான்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு நைலோன் இழை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் வேனுக்குப் பூசை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணாடியில் மூன்று பட்டை போட்டு, ஐயர் தந்த மஞ்சள் பூசிய காப்புக் கயிற்றை மனைவி உள்கண்ணாடியில் கட்டினாள். நான் கைகட்டி நின்று வழக்கமான நக்கலைச் சொன்னேன். அவள் வழக்கம்போலக் கேட்காதவள்போல இருந்தாள். மிச்சக் கயிறு கொஞ்சம் டாஷ்போர்டில் கிடந்தது.

மறுநாள் காலையில், அவள் துணி காயப்போடும் நேரம் பார்த்து, அந்த மிச்சக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் ஆசனத்தைத் தூக்கினேன். இருட்டும் எண்ணெய் வாடையுமாக இருந்தது. நானா கை வைத்த இடத்தை நினைவுபடுத்தி, கறுப்பாக நீண்டுபோன ஒன்றைப் பிடித்து மூன்று முடிச்சுப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பகுத்தறிவுப் பேச்சுப்போட்டிக்கு நடுவராக இருந்தவன் நான். அப்போது என்னை யாராவது பார்த்திருந்தால் வேனுக்குத் தாலி கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த கிழமை எம்பிலிப்பிட்டிய ரோட்டில் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. காலை எடுத்தேன்.

பெடல் மேலே வரவில்லை. அது அந்த இடத்திலேயே நின்றது. ஏற்றம் வந்தபோது தானாகக் கீழே போனது. இறக்கத்தில் தானாக எழுந்தது. என் காலின் இடத்தில் யாரோ ஒருவர் கால் வைத்து உட்கார்ந்திருப்பதுபோல, என்னைவிட நன்றாக ஓட்டினார். உடம்பு சிலிர்த்தது. எந்தக் கால் சிலிர்த்தது, எந்தக் கால் சிலிர்க்கவில்லை என்றும் தெரிந்தது.

"என்னாங்க, காலை மடக்கி வச்சிக்கிட்டு ஓட்டுறீங்க. பஸ்ல சீட்டு கெடச்ச ஆள் மாதிரி," என்றாள் மனைவி.

"டெக்னாலஜி."

"டெக்னாலஜிக்கு லைசன்ஸ் இருக்கா?"

அன்றிரவு குளக்கரையில் தூங்கினோம். விடியலில் அவள் திரைச்சீலையை விலக்கிவிட்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இப்படியே இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பெல்மதுளை தாண்டியதும் தூறல் பிடித்தது. அங்கே நேர் ரோடு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று காலையிலிருந்து பெடலை மிதிக்கிறேனா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் பொத்தானை அழுத்தினேன். நாற்பத்தைந்தில் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். மனைவி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முடக்கைத் திரும்பியதும் கொழுந்து லொறி நின்றது. நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே, லொறிக்குப் பின்னால், சாக்குகளோடு ஐந்தாறு பெண்கள் ரோட்டில் வரிசையாக நின்றார்கள்.

பிரேக்கை மிதித்தேன். என்ஜின் கத்தியது. இன்னும் பலமாக மிதித்தேன். இன்னும் பலமாகக் கத்தியது. கீழே குனிந்து என் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்களிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒருத்தி தலையில் போட்டிருந்த மழைச்சீலை நீலம். அதில் கிழிசல் ஒன்று தைத்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில்.

மனைவி பழத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். வேன் வழுக்கிப்போய் ரோட்டோரத் தண்ணிக் கானில் ஒரு சக்கரத்தை விட்டு, மண்மேட்டில் மோதி நின்றது. நின்ற பிறகும் என்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்ததும் அவள்தான்.

யாருக்கும் ஒன்றும் இல்லை. நீலச் சீலைக்காரி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நிறுக்கிறதுக்குத்தான் அவசரம்னா சொல்லியிருக்கலாமே. முன்னாடி விட்டிருப்போமே." மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அந்தப் பெட்டிதான்," என்றேன் மனைவியிடம். "பிரேக் புடிச்சேன், அது விடல." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கயிறு நினைவுக்கு வந்தது. கேபிளில் சுற்றி இறுகியிருக்கும். எனக்குக் கிடைத்த குற்றவாளி அது; அதைவிட நல்லவன் கிடைக்கமாட்டான். வேனை இழுத்துக்கொண்டு போகும் வழியிலேயே அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"நீங்களா? கயிறா?" என்றாள். சிரிக்கவில்லை. "எதுக்குப் பயந்தீங்க?"



கராஜில் நானாவிடம் கொஞ்சம் நாடகமாகவே சொன்னேன். கயிறு கட்டியது நான்தான், மடத்தனம்தான், கேபிள் சிக்கியிருக்கும் என்று. அவர் ஆசனத்தைத் தூக்கி டோர்ச்சை அடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சேர் கட்டினீங்க?"

குனிந்து காட்டினேன். கயிறு மூன்று முடிச்சோடு அப்படியே இருந்தது. மஞ்சள்கூட அழியவில்லை.

"இது கேபிள் இல்ல சேர். ஹீட்டருக்குப் போற தண்ணிக் குழாய்." துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க குளிருக்குத்தான் காவல் கட்டியிருக்கீங்க."

பிறகு பின் சக்கரங்களை ஜெக்கில் தூக்கி, ஓடவிட்டு, பெட்டியைப் போட்டார். பெடல் தானாகக் கீழே போய் நின்றது. நானா குனிந்து பிரேக் பெடலை ஒரு விரலால் தொட்டார். உடனே அக்ஸிலரேட்டர் எழுந்து வந்தது, பச்சை விளக்கு அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி தொட்டார். மூன்றாவது தரமும் அதேதான். என்ஜினை அணைத்துச் சாவியை என் கையில் வைத்தார்.

"சேர், நீங்க பிரேக்கத் தொட்டீங்களா?"

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

"தொட்டீங்களாங்க?"

"தெரியல," என்றேன். இரண்டு மாதத்தில் என் காலைப் பற்றி அவளிடம் சொன்ன முதல் உண்மை.

"குளிக்கிற அறை வாசல்ல ஒங்க வலது செருப்பு மட்டும் தெனமும் ஒவ்வொரு எடத்துல கெடக்குது," என்றாள். குரலில் கோபம் இல்லை; பிள்ளைக்காமராவில் காய்ச்சல் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கும்போது பேசும் குரல் அது. "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லாமலே என்னையும் ஏத்திக்கிட்டுப் போவீங்கன்னு நெனக்கல. அந்தப் பொம்பளைங்க நின்னாங்களே."

நானா தொண்டையைக் கனைத்தார். "பெட்டியக் கழட்டிடவா சேர்?"

கேள்வி என்னிடம்தான். பதிலை அவள் சொன்னாள்.

"அது இருக்கட்டும் நானா. அது சரியாத்தானே வேலை செய்யுது."

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஆசனத்தை முன்னுக்கு இழுக்கும் நெம்புகோலைத் தேடினாள், கிடைக்கவில்லை, நானா காட்டிக் கொடுத்தார். செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலால் மூன்று பெடலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

உள்ளங்கையைத் திறந்தேன். சாவியை எடுத்தாள். அவள் விரல் பட்டது தெரிந்தது. கைகளில் இன்னும் அது மிச்சமிருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் சோதித்துப் பார்க்கிறேன்.