சிவப்புக் கயிறு கட்டிய குழாய்

மழை விழுந்தால் போதும், பெரியப்பா வந்து எங்கள் சின்ன டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அண்ணன் கேட்டுத் தம்பியான சித்தப்பா மாட்டேன் என்று சொல்லக் கூடாதாம்! வண்டி திரும்பி வருவதற்குள் எங்கள் காடு உழாமலே காய்ந்து கட்டியாகிவிடும். குச்சிக்கிழங்கு நட முடியாமல் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாயிரம் பிறந்த வருஷம் வண்டி பழுதாகியே திரும்பியது. கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய் ஒழுகியது. சித்தப்பா நாமக்கல் போய் ஒழுக்கை அடைக்கும் ரப்பர் சீல் வாங்கி வந்த அன்றே நல்ல மழை. எனக்கு ஒரே குஷி! மாட்டி முடித்ததும் கலப்பையைத் தூக்கும் லீவரை முதலில் இழுப்பது நான்தான் என்று சித்தப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன். அதற்குள் பெரியப்பா, வண்டிக்குச் சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்.

சிலிண்டருக்கு இரண்டு குழாய். ஒன்றில் எண்ணெய் போனால் கலப்பை எழும், மற்றதில் போனால் அழுந்தும். மாறிவிடாமலிருக்க, எழுப்பும் குழாயில் சித்தி சிவப்புக் கயிறு கட்டினாள். சித்தப்பா குழாய்களைக் கழற்றி, பின்னைத் தட்டி உருவி, சிலிண்டரை மடியில் வைத்துப் பிரித்தார். சீலை மாற்றி மறுபடி ஏற்றிவிட்டு அவர் கை கழுவப் போனபோது, சித்தி கயிற்றை அவிழ்த்து அடுத்த குழாயில் கட்டினாள். அங்கே கட்டினால்தான் அழகு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சித்தப்பா கயிற்றைப் பார்த்துப் பார்த்துக் குழாய்களை மாட்டினார். எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்.

"இழு கண்ணு!"

இழுத்தேன். கலப்பை எழவில்லை. அது தரையில் அழுந்தி, வண்டியின் பின்சக்கரங்கள் எழுந்தன! நான் ஆகாயத்துக்கே போனதுபோல் கத்தினேன். சித்தப்பா லீவரைத் தள்ளி வண்டியை இறக்கிவிட்டு ஸ்பானரை எடுத்தார். அதற்குள் பெரியப்பா வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, லீவரு..."

"உங்க அண்ணனுக்குத் தெரியாத வண்டீங்களா?" என்றாள் சித்தி. சித்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

வண்டியை ஓட்டிப்போன பெரியப்பா கொஞ்ச நேரத்தில் நடந்தே வந்தார், இடுப்பு வரைக்கும் சேறு.

"தூக்கறதுக்கு இழுத்தா மண்ணுக்குள்ள போவுது! வண்டியாடா இது? இனிமே நீயே வெச்சுக்க!"

மறுநாள் ஈரம் காயுமுன் எங்கள் காட்டை உழ வேண்டும். சேற்றிலிருந்து மீட்டு வந்த வண்டியருகே சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சித்தி காபியை நீட்டினாள்.

"கயித்தை மட்டும் மாத்திக் கட்டுங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்."

அவர் கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தரையில் உருண்டு உருண்டு சிரித்தார். காபி கொட்டியதுகூடத் தெரியவில்லை.

ஒரு கயிற்றை மாற்றிக் கட்டுவதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.