ஒரே டெக்கில் மட்டும் ஓடிய கேசட்டுகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய நல்ல குணங்களை எழுதினால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் தங்கையாகப் பிறந்து ஆயுள் முழுக்க அவரோடு சண்டை போட்டவள் நான். அவர் செய்த ஒரு தவறையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்பது விளங்கும். வருத்தப்படுகிறவர்கள் என்னிடம் நேரில் வந்து வருத்தப்படலாம்.

அண்ணன் முதலியார்பேட்டையில் பிறந்தார். அப்பாவுக்கு மில்லில் வேலை. அண்ணன் பத்தாவது முடித்த வருடம் மில்லில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. மேலே படிக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. மறுவாரமே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என்னை மட்டும் டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டியிருப்பார்.

எல்லாம் இருந்தும், செய்த தவறை ஒப்புக்கொள்வது மட்டும் அவருக்கு வராது. சட்டையில் மை கொட்டினால் பேனா சரியில்லை. போட்டோவில் பெண் கண்ணை மூடியிருந்தால் பெண் சரியில்லை. அம்மா இதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் ஒரு வீடியோ கேமராவும், எடுக்கும் படத்தைக் கேசட்டில் பதியவும் டிவியில் போட்டுக் காட்டவும் அதோடு சேர்ந்த டெக்கும் கொண்டுவந்தார். அண்ணன் அவற்றை வாங்கிக்கொண்டு தனியாகக் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தார். ஒரு தோளில் கேமரா, மறு தோளில் வாரில் தொங்கும் டெக், இரண்டுக்கும் நடுவில் ஒயர். பந்தலில் அவர் நடந்தால் மாப்பிள்ளைக்கு விடாத வழியை அவருக்கு விடுவார்கள்.

அப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் டெக் இருந்தால் அதிகம். தங்கள் கல்யாணத்தைப் பார்க்க விரும்பியவர்கள் அண்ணனையே கூப்பிடுவார்கள். அவரும் டெக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டுவார். அதாவது, அவர் எடுத்த கேசட்டுகள் எல்லாம் எடுத்த டெக்கிலேயே ஓடின. படம் கண்ணாடி போல இருக்கும். வேறு கம்பெனி டெக்கில் போட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பிரான்சுக்குப் போன கேசட்டுகள்தான் முதலில் புகார் கொண்டுவந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் பாதி வீட்டுக்கு அங்கே உறவு உண்டு. கல்யாண கேசட்டை அனுப்பிவைப்பார்கள். படம் சரியில்லை என்று கடிதம் வரும். அண்ணனிடம் பதில் தயாராக இருந்தது: டிவியில் கலர் வருவதற்கு அங்கே செக்காம் (SECAM) முறை, இங்கே பால் (PAL) முறை, இந்த ஊர்க் கேசட்டு அங்கே கலராகத் தெரியாது. அது உண்மைதான். ஆனால் கடிதங்களில் கலர் மட்டுமா போனதாக எழுதியிருந்தது? முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடுவதாகவும் எழுதியிருந்தது. அந்த வரியை அண்ணன் வாசிக்கவே மாட்டார்.

பிறகு அரியாங்குப்பத்தில் ஒருவர் புது டெக் வாங்கினார். வேறு கம்பெனி. ஆசையாகத் தன் மகள் கல்யாண கேசட்டைப் போட்டால் மேல்பாதி முழுக்கக் கோடு. கேசட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் டெக்தான் மட்டம் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார். அவர் தலை மறைந்ததும் நான் கேட்டேன்.

"அண்ணே, அவரு டெக்குல சினிமா கேசட்டு நல்லா ஓடுதாம். உன் கேசட்டு மட்டுந்தான் ஓடல. அப்ப கோளாறு எங்க இருக்கு?"

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் டெக்கை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினார். அங்கே ஒரு மெக்கானிக் திறந்து பார்த்துச் சொன்னாராம்: டேப்பை ஒழுங்காகச் செலுத்தும் சின்னத் தூண் ஒன்று உள்ளே ஆரம்பத்திலிருந்தே ஏறுமாறாக நின்றிருக்கிறது. கோணலாகப் பதிகிறது, அதே கோணலில் ஓடுகிறது, அதனால் இதில் மட்டும் நன்றாகத் தெரிகிறது. மெக்கானிக் தூணை நேராக்கி, திருகின் மேல் ஒரு சொட்டு பெயின்ட் வைத்து, இனி இதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் திரும்பி வந்து வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. டெக் நேரானதும் பழைய கேசட்டுகள் இனி அதிலும் ஓடாது. மூன்று வருடக் கல்யாணங்கள். அதை அவர் யோசிக்கவில்லையா, யோசித்துவிட்டுப் பேசாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது.

அடுத்த மாதமே அது வாசலுக்கு வந்துவிட்டது. பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு அம்மா, ஒரு காலை வேளையில், முந்தானையில் சுற்றிய கேசட்டோடு வந்து நின்றார். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகனின் கல்யாணத்தை அண்ணன்தான் எடுத்திருந்தார். அந்த மகன் இரண்டு வாரத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் கரை சேர்ந்தது. மறுநாள் காரியம். மருமகள் பிள்ளை உண்டாகியிருந்தாள்.

"தம்பி, எம் புள்ளைய ஒரு தரம் காட்டு. நடமாடறத பாக்கணும்" என்றார்.

அண்ணன் கேசட்டைப் போட்டார். மேளச் சத்தம் கேட்டது. படத்தில் கோடுகள்தான் தெரிந்தன. மாலை தெரிந்தது, மாலைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடம் கிழிந்து கிழிந்து ஓடியது. அண்ணன் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினார். கடைசியில், கடற்கரை வீட்டில் உப்புக் காற்று பட்டால் கேசட்டு இப்படித்தான் ஆகும் என்று முணுமுணுத்தார்.

அந்த அம்மா அதை நம்பிவிட்டார். "நாந்தான் சரியா வெக்கல. பொட்டியில போட்டு வெக்கத் தெரியாத பாவி நான்" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், அவர் ஆயுசுக்கும் என்னை மன்னித்திருக்க மாட்டார். அவர் எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மா, அடிச்சிக்காதீங்க. உங்க மேல தப்பு இல்ல. என் டெக்கு மேல தப்பு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன், என் மேலதான் தப்பு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வழி ஒன்றுதான் இருந்தது. மெக்கானிக் தொடக்கூடாது என்ற திருகைத் திருப்பி டெக்கை மறுபடி கோணலாக்க வேண்டும். கோணலில் கேசட்டை ஓட்டி, நேரான இன்னொரு டெக்கில் பதிந்து கொடுத்தால் அந்த அம்மா யார் வீட்டிலும் பார்க்கலாம். ஆனால் மறுநாள் காலை முதலியார்பேட்டையிலேயே ஒரு கல்யாணத்துக்கு அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு தூணை மெக்கானிக் நேராக்கிய இடத்துக்கே கொண்டுவர முடியாவிட்டால் அந்தக் கல்யாணமும் கெடும். இழுபறியில் டேப் மடங்கினால் அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே படமும் போகும்.

இன்னொரு டெக்குக்கு எங்கே போவது? அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்துக்கே போனார். மட்டம் என்று சொன்ன அதே டெக்கைக் கேட்டு நின்றார். அந்த மனிதர் எதையும் குத்திக் காட்டாமல், டெக்கை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கூடவே வந்தார்.

மத்தியானம் இரண்டு மணி. மேல்மூடியைக் கழற்றினார். திருகு நின்ற இடம் தெரிய வேண்டும் என்பதற்காக என் நகப்பாலிஷைக் கேட்டார். நான் நகப்பாலிஷ் போடுவதைத் திட்டாத நாள் இல்லை. அன்று அதைத் தொட்டுச் சிவப்பாக ஒரு கோடு வைத்தார். குனிந்து திருகைத் திருப்பும்போது அவருக்கு டிவி தெரியாது. பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

"கோடு ஏறுதா எறங்குதா?"

"எறங்குது. இன்னும் கொஞ்சம். அண்ணே, போதும், போதும், மூஞ்சி வந்துட்டுது."

அந்த அம்மா டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். மகன் திரையில் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் கையை எடுத்ததும் படம் கிழிந்தது. இளகிய திருகு நிற்கவில்லை. திருப்புளியால் அழுத்திப் பிடித்தால் முகம் வந்தது, விட்டால் போனது. வேறு வழியில்லாமல் பிடித்தபடியே முதலிலிருந்து ஓட்டினார். ஐம்பது நிமிடக் கேசட்டு. மேலே டேப் சுற்றி ஓடும் உருளை சுழல்கிறது, விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. வோல்டேஜ் இறங்கிவிடக் கூடாதே என்று அரியாங்குப்பத்துக்காரர் மின்விசிறியை எழுந்து நிறுத்தினார். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. டெக்குக்குள் ஒரு சொட்டும் விழாமல் நான் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்கும்போதெல்லாம் படத்தின் மேல்விளிம்பும் நடுங்கியது.

சாப்பாட்டுப் பந்தியும் முடிந்தது. இனி ஒன்றும் இல்லை, கடைசியில் மாப்பிள்ளை விளையாட்டாகக் கேமராவை வாங்கி எதையோ எடுத்தது மட்டும்தான், நிறுத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார்.

"வேணாம் தம்பி. அது அவன் புடிச்சது. அவன் கண்ணால பாத்தது. கை வலிக்குதுன்னா சொல்லு, நான் புடிக்கிறேன்."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை பிடித்தார். அந்தக் கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை, என் கண்ணெல்லாம் அவர் கையிலும் நெற்றி வேர்வையிலும்தான் இருந்தது. புதுக் கேசட்டின் தொடக்கத்தை அரியாங்குப்பத்து டெக்கில் போட்டுப் பார்த்தோம். ஓடியது. பிறகு சிவப்புக் கோட்டுக்குத் திருகைக் கொண்டுவந்து, ஒரு சொட்டு பெயின்ட் வைத்து இறுக்கினார். மறுநாள் கல்யாணத்தில் நான் முகூர்த்தம் முடியும் வரை ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தக் கேசட்டும் எல்லா டெக்கிலும் ஓடியது.

அதன் பிறகு அண்ணன் தான் படம் எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். தவறு தன்னுடையது என்று சொல்லிப் பழைய கேசட்டைக் கேட்டு வாங்கிவந்து, அதே பாடுபட்டுப் புதிதாகப் பதிந்து கொடுத்தார். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் ஆயிற்று அந்த வேலை முடிய.

போன வருடம் மஞ்சள் காமாலை வந்தது. மூன்றே வாரம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிய கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது சரியாக ஏறவில்லை, ஊசி சரியில்லை என்று நர்ஸைக் குறை சொன்னார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அவர் போனபின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: ஊரையெல்லாம் எடுத்தானே, அவன் நடமாடுகிற படம் ஒன்று இல்லையா? வீட்டிலிருந்த எல்லாக் கேசட்டிலும் தேடினோம். இல்லை. கேமராவுக்குப் பின்னாலேயே வாழ்ந்துவிட்ட மனிதர்.

பதினாறாம் நாள் பிள்ளைச்சாவடி அம்மா பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் அந்தக் கேசட்டு. அரியாங்குப்பத்து டெக்கைத்தான் கொண்டுவந்து போட்டோம். கடைசிப் பகுதிக்கு ஓட்டினோம். மேல்விளிம்பு நடுங்குகிறது, அது என் அண்ணனின் கை. அந்த நடுக்கத்துக்குக் கீழே அண்ணன் நின்று சிரிக்கிறார். "குடுப்பா, கீழ போட்டுடாத" என்று கேமராவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நான்கு எட்டு நடந்து வருகிறார். அவ்வளவுதான்.

பிள்ளைச்சாவடி அம்மா எங்கள் அம்மாவின் தோளைத் தொட்டார்.

"எம் புள்ள எடுத்த படத்துல உம் புள்ள நடந்து வர்றான் பாரு."

அண்ணனின் கடைசி நாட்களில் துணை நின்ற தெருக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் அவர் குறைகளைப் பொறுத்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், ஸ்டூடியோ நண்பர்களுக்கும், கேட்டபோதெல்லாம் டெக்கைத் தந்த அரியாங்குப்பத்து அண்ணனுக்கும், பாதியில் நிறுத்த வேண்டாம் என்று சொன்ன அந்தத் தாய்க்கும் எங்கள் நன்றி. கேமராவை விளையாட்டாக வாங்கி என் அண்ணன் பக்கம் திருப்பிய அந்த மாப்பிள்ளைக்கும் நன்றி. அவர் கடலில் இருக்கிறார். ஆனாலும் இந்த மலரின் முதல் பிரதியை அவர் வீட்டில்தான் கொடுக்கிறோம்.